முதுகில் ஒட்டும் மருந்து: ரிவாஸ்டிக்மின் பேட்சுடன் எட்டு மாதங்கள்

ஆல்சைமர் மறதி நோய்க்காக 76 வயதான என் அம்மாவுக்குக் கடந்த எட்டு மாதங்களாக நாள்தோறும் ஒட்டிவருகிற ரிவாஸ்டிக்மின் பேட்ச் பற்றிய மதிப்புரை இது. தொடக்க அளவில் வருகிற பேட்ச் ஏறக்குறைய பத்து ரூபாய் நாணயத்தின் அகலம்தான் இருக்கும். காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் என்றுதான் வீட்டுக்கு வருபவர்கள் நினைக்கிறார்கள்.

குடியாத்தத்தில் லுங்கி வியாபாரக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு, நாற்பது ஆண்டுகள் கூலிக் கணக்கு எழுதியவர் அம்மா. ஒரே வாரத்தில் ஒரே நெசவாளருக்கு இருமுறை கூலி கொடுத்துவிட்டு, அவர் மிகையான பணத்தைத் திருப்பிக் கொண்டுவந்தபோது, தான் கொடுக்கவே இல்லை என்று சண்டைக்குப் போனார். இது வெறும் வயோதிக மறதி அல்ல என்று அன்றுதான் எங்களுக்கு உறைத்தது. வயதானால் மூளையில் அசிட்டைல்கோலின், டோபமின் போன்ற செய்தி கடத்தும் வேதிப்பொருள்களின் வேலை எல்லோருக்குமே சற்று மந்தமாகிறது. பெயர் நாக்கு நுனியில் நின்றுகொண்டு, பத்து நிமிடம் கழித்து வந்துவிடும். ஆல்சைமர் நோயிலோ, மூளையின் அடிப்பகுதியிலிருந்து அதன் வெளி அடுக்கான புறணி முழுவதற்கும் அசிட்டைல்கோலினை அனுப்புகிற நரம்பு செல்களே மடிந்துபோகின்றன. அந்த வேதிப்பொருளை உருவாக்கும் நொதி நோயாளிகளின் மூளையில் வெகுவாகக் குறைந்திருப்பது 1976-இலேயே கண்டறியப்பட்டுவிட்டது.

பேட்சின் வேலை இதை மனத்தில் கொண்டால்தான் புரியும். இது அசிட்டைல்கோலினைப் புதிதாக உண்டாக்குவதில்லை. மிச்சமிருக்கும் செல்கள் சுரப்பதை உடனுக்குடன் சிதைத்துவிடும் நொதிகளைத் தடுத்து, கிடைத்தது சற்று நேரம் கூடுதலாகத் தங்கும்படி செய்கிறது. செல்கள் சாவதை இது நிறுத்தாது. சத்துவாச்சாரிக்கு அருகே நாங்கள் பார்த்த நரம்பியல் மருத்துவர் இதை முதல் நாளே ஒளிக்காமல் சொன்னதால், பிறகு ஏமாற்றம் என்று ஒன்று எங்களுக்கு வரவில்லை.

சீட்டு எழுதும் முன் அவர் இசிஜி எடுக்கச் சொன்னது எனக்கு முதலில் வீண்செலவாகப் பட்டது. காரணம் ஒரு பழைய பரிசோதனையில் இருக்கிறது. 1921-இல் ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி தவளையின் இதயத்தை நரம்பைத் தூண்டி மெதுவாக்கி, அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இன்னொரு தவளை இதயத்தில் விட, அதுவும் மெதுவானது. அந்தத் திரவத்தில் இருந்தது அசிட்டைல்கோலின்தான். ஆகவே மூளைக்காக இதைக் கூட்டினால் நாடித்துடிப்பும் குறையக்கூடும். வயிற்றுக்கும் இதே கதை. முதலில் கொடுத்த மாத்திரை வடிவில் அம்மா காலை இட்லியைக் கண்டாலே குமட்டி எழுந்துவிடுவார். பேட்சுக்கு மாறிய இரண்டாம் வாரத்தில் மூன்று இட்லி சாப்பிட்டார். மருந்து 24 மணி நேரமும் ஒரே சீராகத் தோல்வழியே இறங்குவதால் ரத்தத்தில் திடீர் ஏற்றம் இல்லை என்பதே காரணம். தொடக்கத்தில் நாளொன்றுக்கு 4.6 மில்லிகிராம், குறைந்தது நான்கு வாரம் தாங்கிக்கொண்டால்தான் 9.5.

குறைகளைச் சொல்ல வேண்டுமானால், முதல் எதிரி எங்கள் ஊர் வெயில். கத்திரி நாட்களில் பிற்பகல் மூன்று மணிக்குள் பேட்சின் ஓரம் வியர்வையில் பெயர்ந்து, ரவிக்கைத் துணியோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். குளித்தபின் முதுகை ஒற்றியெடுத்து, மின்விசிறியின் கீழ்ப் பத்து நிமிடம் உட்காரவைத்து, பவுடரும் எண்ணெயும் படாத இடமாகப் பார்த்து, முப்பது விநாடி உள்ளங்கையால் அழுத்தினால் நிற்கிறது. வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலை அம்மா விடமாட்டார் என்பதால், அன்று மட்டும் மேற்கையில் ஒட்டுகிறோம். சூட்டில் மருந்து அதிகமாக உள்ளிழுக்கப்படும் என்பதால் மொட்டை மாடியில் வடாம் காவலுக்கு உட்காருவதையும் நிறுத்த வேண்டியிருந்தது. அவருக்கு அதில் இன்றும் மனத்தாங்கல் உண்டு. ஒட்டிய இடத்தில் சிவந்து அரிக்கும். அதே இடத்துக்குப் பதினான்கு நாட்களுக்குள் திரும்பக் கூடாது.

பெரிய ஆபத்து வேறு. நான் ஊரில் இல்லாத ஒருநாள், சித்தி பழையதை எடுக்காமலே புதியதை ஒட்டிவிட்டார். மாலைக்குள் வாந்தி, வியர்வை. உடனே இரண்டையும் பிய்த்துவிட்டு மருத்துவமனைக்கு ஓடினோம். இப்போது காலையில் நாட்காட்டித் தாளைக் கிழிக்கும்போதுதான் பழைய பேட்சையும் எடுக்க வேண்டும் என்பது வீட்டு விதி. பிசின் பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்து, கிழித்த தாளிலேயே சுற்றி, பேரன் கைக்கு எட்டாமல் போடுகிறோம். கழற்றியதிலும் மருந்து மீதமிருக்கும்.

இந்தப் பேட்சின் பெட்டியைவிட எனக்குப் பயன்பட்டது மருத்துவர் சொன்ன ஒரு வார்த்தை: "வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வாருங்கள்." அந்த மஞ்சள் பையிலிருந்து அவர் பிரித்து ஒதுக்கியவை இரண்டு. சளி பிடித்தால் மருந்துக்கடையில் கேட்டவுடனே கொடுத்துவந்த குளோர்பெனிரமின் கலந்த மாத்திரை ஒன்று. கால் எரிச்சலுக்கு எப்போதோ யாரோ எழுதிய அமிட்ரிப்டிலின் மற்றொன்று. இரண்டுமே அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுப்பவை. ஒரு மடையைத் திறந்துகொண்டு மறு மடையை அடைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். மறதிக்கு வேறு காரணம் உண்டா என்று பார்க்கும் பி12, தைராய்டு பரிசோதனைகளையும் அவர் தவறவிடவில்லை.

பலன் என்ன என்று கேட்பவர்களுக்கு: இறந்துபோன அப்பா கடையிலிருந்து எப்போது வருவார் என்று அம்மா இன்றும் கேட்கிறார். ஆனால் முள்ளுக் கத்தரிக்காயைக் காம்பு போகாமல் நான்காகப் பிளக்கும் வேலையை, நடுவில் கத்தியை வைத்துவிட்டு எழுந்துபோகாமல், கடைசிக் காய்வரை முடிக்கிறார். கவனம் நிலைப்பதற்கும் அசிட்டைல்கோலின் தேவை. அந்த அளவுக்கான பலன் எங்களுக்குக் கிடைத்திருக்கிறது. விலையோ மாத்திரையைப் போலப் பல மடங்கு. மாத்திரை ஒத்துக்கொள்ளும் வயிறு என்றால் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்த வருகையில் அளவை 13.3-க்கு உயர்த்தலாமா என்ற பேச்சு வரும். அம்மாவின் எடை இரண்டு கிலோ குறைந்திருப்பதால், இப்போதைக்கு வேண்டாம் என்றே கேட்கப்போகிறேன்.