ஒன்றரை வருஷமா ஒரே லென்ஸ், ஒரு நாளைக்கு 36 படம்: எது தேறுச்சு, எது தேறல

மொதல்ல மானத்த வாங்கற விஷயத்த சொல்லிடறேன். ஹார்டு டிஸ்க் நிரம்பிப்போச்சுன்னு ஒரு நாள் பழைய படத்தையெல்லாம் அழிக்க உக்காந்தேன், ஒரு ஃபோல்டர்ல பூனை ஒண்ணு மதில் மேல உக்காந்திருக்கற படம், எண்ணிப் பாத்தா 43 இருக்கு. ஒரே பூனை, ஒரே கோணம், ஒரே வெளிச்சம், அது காத ஆட்டினது மட்டும் தான் வித்தியாசம். எத வெச்சுக்கறது எத தூக்கறதுன்னு அர மணி நேரம் முழிச்சுட்டு 43ஐயும் அப்படியே விட்டுட்டு அடுத்த ஃபோல்டருக்கு போயிட்டேன். மதில் மேல் பூனை அது இல்ல, நான் தான்னு அன்னிக்கு தான் உறைச்சுது.

அதே வேகத்துல இன்னொண்ணும் பண்ணேன். எடிட்டிங் சாஃப்ட்வேர்ல எந்த ஃபோக்கல் லெங்த்ல (லென்ஸ் எவ்வளவு அகலமா, எவ்வளவு நெருக்கமா பாக்குதுங்கற எம்எம் கணக்கு) எவ்வளவு படம்னு பிரிச்சு பாக்கலாம் இல்லையா, அத போட்டு பாத்தேன். என்கிட்ட இருந்தது கேமராவோட வந்த 18-55 கிட் லென்ஸ், 18ல அகலமா தெரியும், 55ல கிட்ட இழுக்கும். முக்கால்வாசிக்கு மேல ஒண்ணு 18ல இருக்கு, இல்லன்னா 55ல இருக்கு, நடுவுல ஏதோ பேருக்கு கொஞ்சம். அதாவது நான் ஜூம் பண்ணவே இல்ல, இந்தக் கோடிக்கு திருகுவேன், பத்தலன்னா அந்தக் கோடிக்கு திருகுவேன், அவ்வளவு தான். நின்ன எடத்துலயே நின்னு படத்த என் பக்கம் இழுக்கறது.

அப்ப தான் ஒன்றரை வருஷம் நாலு விஷயம் கடைபிடிக்கணும்னு முடிவு பண்ணேன். கிட் லென்ஸ பீரோவுல வெச்சுட்டு 35 எம்எம் எஃப் 1.8 பிரைம், அதாவது ஜூமே இல்லாத லென்ஸ், அது மட்டும் (என்னோடது 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி டிஎஸ்எல்ஆர், சென்சார் ஃபுல் ஃப்ரேம விட சின்னது, 1.5 கிராப், அதனால ஃபுல் ஃப்ரேம் கணக்குல கிட்டத்தட்ட 52). ஒரு நாளைக்கு 36 படம், அந்தக் கால ஃபிலிம் ரோல் கணக்கு. எடுத்த உடனே பின்னாடி ஸ்க்ரீன்ல பாக்கறது கெடையாது. கம்ப்யூட்டர்ல ஏத்தறது ஒரு வாரம் கழிச்சு தான். இந்த நாலும் எப்படி போச்சுன்னு தான் இந்தப் பதிவு, கேமரா ரிவ்யூன்னு நெனச்சு வந்தவங்க மன்னிக்கணும், கேமரா அதே பழைய கேமரா தான்.

மொத மாசம் கொடுமை. 35லயே நிக்கணும்னா சும்மா எதயாவது பாத்து தூக்க முடியாது, தூரத்துல இருக்கறது பொடியா தெரியும், பக்கத்துல போனா பாதி வெட்டிடும். கால் நடந்தே ஆகணும். நடந்தப்பறம் தான் ஒரு விஷயம் மண்டைல ஏறுச்சு, இது புத்தகத்துல படிச்சது தான் ஆனா படிச்சப்ப ஏறல: முன்னாடி இருக்கறதுக்கும் பின்னாடி இருக்கறதுக்கும் உள்ள அளவு வித்தியாசத்த மாத்தறது லென்ஸ் இல்ல, நாம நிக்கற தூரம். ஆளுக்கு பின்னாடி ஒரு மரம் இருக்குன்னு வெச்சுக்கங்க, பத்தடி தள்ளி நின்னு ஜூம் பண்ணா மரமும் ஆளும் சேந்தே பெருசாகும், ஒண்ணுக்கொண்ணு அளவு மாறாது. நாலடி கிட்ட போனீங்கன்னா ஆள் மட்டும் பெருசாகி மரம் பின்னாடி சின்னதா ஒதுங்கிடும். இது ரெண்டும் ரெண்டு வேற படம். இத்தன வருஷம் நான் ஒரு படத்த தான் பெருசும் சிறுசுமா வெட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.

மூணாவது மாசத்துல ஒரு சுகம் வந்துச்சு, கேமராவ கண்ணுல வெக்கறதுக்கு முன்னாடியே ஃப்ரேம் எங்க ஆரம்பிச்சு எங்க முடியும்னு தெரிய ஆரம்பிச்சுது. இது ஜூம்ல வரவே வராதுன்னு சொல்ல மாட்டேன், எனக்கு வரல.

ஆனா பிரைம் லென்ஸ் வாங்கினா சோம்பேறித்தனம் போயிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அது வேற சட்டைய போட்டுக்கிட்டு திரும்ப வரும். எனக்கு வந்த சட்டை எஃப் 1.8 (லென்ஸ் துவாரத்தோட கணக்கு, எண் சின்னதா இருந்தா துவாரம் பெருசு). பேக்ரவுண்ட் பூரா வழிச்சுவிட்ட மாதிரி ப்ளர் ஆகுதா, அப்பறம் பேக்ரவுண்ட பத்தி எதுக்கு யோசிக்கணும், என்ன குப்ப இருந்தாலும் கரைஞ்சிடும். ரெண்டு மாசம் எல்லாத்தையும் 1.8லயே சுட்டேன். இந்த லென்ஸ்ல ஒரு மீட்டர் தூரத்துல எஃப் 1.8ன்னா ஷார்ப்பா இருக்கற ஆழம் சுமார் 6 செ.மீ. தான். முகம் கொஞ்சம் திரும்பினா ஒரு கண்ணு கூர்மையா இருக்கும், இன்னொரு கண்ணு மசமசன்னு போயிடும். எஃப் 5.6க்கு வந்தா அதே தூரத்துல 18 செ.மீ. கெடைக்கும், முகம் முழுக்க வரும், ஆனா பின்னாடி என்ன இருக்குன்னு நாம பொறுப்பேத்துக்கணும். அந்தப் பொறுப்ப தட்டிக்கழிக்க தான் 1.8ங்கறது புரிய எனக்கு இவ்வளவு நாள்.

இப்ப அந்த 36. என் கேமராவுல பர்ஸ்ட் மோடு நொடிக்கு 5 படம், விரல எடுக்காம அமுக்கினா ஏழே நொடில ஒரு ரோல் காலி. இந்தக் கணக்க போட்டப்பவே பர்ஸ்ட ஆஃப் பண்ணிட்டேன். 36ங்கறது ஆரம்பத்துல நல்லா வேல செஞ்சுது, ஒவ்வொரு தடவ அமுக்கறப்பவும் இது வேணுமான்னு ஒரு கேள்வி வரும், பாதி தடவ கைய எறக்கிடுவேன். ஆனா ஆறு மாசம் கழிச்சு பாத்தா ஒரு விபரீதம் நடந்திருக்கு, நான் கஞ்சனாயிட்டேன். சாயந்தரம் வீட்டுக்கு வரும்போது 20 படம் மிச்சம் இருக்கும், ஏதோ சேமிச்ச மாதிரி ஒரு பெருமை வேற. நல்ல வெளிச்சத்துல ஒரு விஷயம் கண்ணு முன்னாடி நடந்துக்கிட்டு இருக்கு, நான் ஒரு படம் எடுத்துட்டு போதும்னு நகந்துட்டேன், வாரம் கழிச்சு பாத்தா அது ஒரு நொடி முந்திப்போன படம். இன்னும் நாலு எடுத்திருந்தா கெடைச்சிருக்கும்.

கொறச்சு எடுத்தா நல்லா வரும்ங்கறது ஒரு மூடநம்பிக்கை தான். கேரி வினோகிராண்ட்னு ஒரு அமெரிக்க தெருப் புகைப்படக்காரர், 1984ல செத்துப்போனப்ப அவர் கழுவாமயே விட்டுட்டுப் போன ஃபிலிம் ரோல் மட்டும் சுமார் 2500. ஒரு ரோலுக்கு 36ன்னு போட்டா 90,000 படம், அவரே பாக்காதது. அதுக்காக அவர கவனமில்லாம எடுத்தவர்னு ஒதுக்கிட முடியாது. அதனால இப்ப 36ஐ தளர்த்திட்டேன், கணக்க மாத்தி வெச்சிருக்கேன்: எத்தன படம்னு இல்ல, எத்தன விஷயம்னு. ஒரு வெளியூர் நாள்ல அஞ்சாறு விஷயம், ஒவ்வொண்ணுலயும் தேவப்பட்ட அளவு. குரூப் போட்டோவுக்கு கணக்கே கெடையாது, நாலு பேர் சேந்து நின்னா ஒருத்தராவது கண்ண மூடியிருப்பாங்க, அங்க போய் ஒரே கிளிக்னு தவம் பண்ணா திட்டு தான் விழும். விழுந்துச்சு.

மூணாவது விஷயம் தான் இருக்கறதுலயே பெரிய மாத்தம். ஸ்க்ரீன்.

எடுத்த உடனே குனிஞ்சு பாக்கற பழக்கம் இருக்கே, அது எவ்வளவு ஊறிப்போயிருக்குன்னு நிறுத்தினா தான் தெரியும். இமேஜ் ரிவ்யூவ மெனுல ஆஃப் பண்ணியும் கழுத்து தானா குனியும், கருப்பு ஸ்க்ரீன பாத்துட்டு திரும்ப நிமிரும், ஒரு வாரம் கோழி மாதிரி இருந்தேன். ப்ளே பட்டன அமுக்கிடுவேன்னு பயந்து ஸ்க்ரீன் மேல அட்டைய வெச்சு டேப் ஒட்டினேன், அது ஒரு முட்டாள்தனம், வெயில்ல பசை எளகி ஓரமெல்லாம் பிசுபிசுன்னு ஆயிடுச்சு, தொடச்சு எடுக்க ஒரு நாள் ஆச்சு. டேப் வேணாம்.

இதுல ஒரு அடியும் வாங்கினேன். வெள்ளச் சுவர் முன்னாடி ஒரு நாள் எடுத்துக்கிட்டு இருந்தேன், கேமரா மீட்டர் எதப் பாத்தாலும் நடுத்தர சாம்பல் நெறம்னு நெனச்சுக்கும் இல்லையா, வெள்ளைய அழுக்காக்கிடும்னு எக்ஸ்போஷர் காம்பென்சேஷன (படத்த வெளிச்சமாக்க, இருட்டாக்க திருகறது) பிளஸ் ஒன்னேகால்கிட்ட ஏத்தினேன். ஏத்தினத எறக்கல. மறுநாள் நல்ல வெயில்ல கெளம்பிட்டேன், ஸ்க்ரீன் பாக்கறது இல்ல, கண்ண வெச்சு பாக்கற ஆப்டிகல் வியூஃபைண்டர்ல வெளிச்சம் எப்படி பதிவாகும்னு தெரியாது. ஒரு வாரம் கழிச்சு தொறந்தா 30 படத்துக்கு மேல வானம் வெறும் வெள்ளப் பேப்பர். ரா ஃபைல்ல (கேமரா மெருகேத்தாம அப்படியே வெக்கற ஃபைல்) கொஞ்சம் மீட்கலாம், ஆனா சென்சார்ல முழுசா வெளுத்துப்போனது ராவுலயும் வராது. அதுல இருந்து வீட்ட விட்டு கெளம்பறப்ப மூணு விஷயம் தொட்டுப் பாக்கறேன், காம்பென்சேஷன் ஜீரோவா, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) எங்க நிக்குது, ஃபோகஸ் மோடு எது. எடத்துக்கு போனதும் ஒரே ஒரு டெஸ்ட் ஷாட், ஹிஸ்டோகிராம் (வெளிச்சம் எப்படி பதிவாயிருக்குன்னு காட்டற வரைபடம்) பாப்பேன், அப்பறம் மூடிடுவேன். விதி மீறல் தான், பரவால்ல.

ஸ்க்ரீன் பாக்காததால என்ன லாபம்னா, ஒரு சம்பவம் சொல்றேன். அம்மா காலைல ஜன்னல் ஓரமா உக்காந்து பேப்பர் படிப்பாங்க, பக்கவாட்டு வெளிச்சம், பேப்பர்ல பட்டு கீழ இருந்து முகத்துக்கு திரும்பி அடிக்கும், கண்ணாடில ஜன்னல் சட்டம் குட்டியா தெரியும். பழைய நானா இருந்தா கதவு பக்கத்துல இருந்து 55ல வெச்சு படபடன்னு 15 எடுத்துட்டு, பாத்துட்டு, சூப்பர்னு போயிருப்பேன். இந்த தடவ தரைல உக்காந்தேன். மொதல்ல நாலு மூலையையும் பாத்தேன், வலது பக்க கீழ் மூலைல நீல பிளாஸ்டிக் பக்கெட். எழுந்து போய் நகத்தினா அம்மா நிமிந்துடுவாங்க, அதனால நானே அர அடி எடப்பக்கம் நகந்தேன், பக்கெட் போச்சு ஆனா நாற்காலி கை தாடைய வெட்டுது, கொஞ்சம் ஒசந்தேன், சரியாச்சு. எஃப் 4, ஷட்டர் 1/125 நொடி. அப்பறம் காத்திருந்தேன். பேப்பர் பக்கம் திருப்பறப்ப ஒரு கணம் வெளிச்சம் முகத்துல ஏறி எறங்கும், அது தான் வேணும். ஒரு தடவ திருப்பினாங்க, லேட். "எவ்வளவு நேரம்டா தரைல உக்காந்திருப்ப, எடுத்தா எடு, இல்லன்னா எழுந்து வேலையப் பாரு"ன்னாங்க, பேப்பர்ல இருந்து கண்ண எடுக்காமயே. அடுத்த திருப்பல்ல எடுத்தேன். மொத்தம் மூணு படம். நடுவுல குனிஞ்சு ஸ்க்ரீன பாத்திருந்தேன்னா அந்த ரெண்டாவது திருப்பலும் போயிருக்கும்.

ஒரு வாரம் கழிச்சு பாத்தா அந்த நீல பக்கெட்டோட விளிம்பு ஒரு நூல் அளவுக்கு ஓரத்துல நிக்குது! என்னடா இது நான் தான் நகந்தேனேன்னு பாத்தா, இந்த மாதிரி ஆரம்ப நிலை டிஎஸ்எல்ஆர் வியூஃபைண்டர்ல நமக்கு தெரியறது சுமார் 95 சதவீதம் தான், மிச்சம் சென்சார்ல விழுது, நமக்கு தெரியாது. அந்த ஓரத்த வெட்டினது தான் அந்தப் படத்துல நான் பண்ண ஒரே கிராப். வெட்டறது தப்புன்னு சொல்லல, "அப்பறம் வெட்டிக்கலாம்"னு நெனச்சுக்கிட்டே எடுக்கறது தான் என் வியாதி. அகலமும் ஒசரமும் பாதியா வெட்டினா 24 மெகாபிக்சல் 6 ஆயிடும், அந்தக் கணக்கு தெரிஞ்சே வருஷக்கணக்கா பண்ணேன்.

நாலாவது, ஒரு வாரம் கழிச்சு பாக்கறது. வினோகிராண்ட் ஒரு வருஷம் ரெண்டு வருஷம் கழிச்சு தான் கழுவுவாராம், எடுத்தப்ப இருந்த சந்தோஷம் படத்த நல்லதா காட்டிடும்னு. எனக்கு ஒரு வாரமே போதுமா இருக்கு. அன்னிக்கே பாத்தா மலை ஏறின களைப்பும் சேந்து மார்க் போடும், ஏழு நாள் ஆனா வெறும் படம் தான் இருக்கும், மோசமானத அழிக்க கை நடுங்காது. வீட்ல மட்டும் இதுக்கு மரியாத இல்ல, விசேஷத்துல எடுத்த படத்த அன்னிக்கு ராத்திரியே கேப்பாங்க, குடுத்துடறேன்.

மேனுவல் மோடு பத்தி ஒரு வார்த்தை. யோசிச்சு எடுக்கறதுன்னா எல்லாம் மேனுவல்னு நானும் நெனச்சேன், ரெண்டு மாசம் வீம்புக்கு ஓட்டினேன். அக்கா பொண்ணு மொத மொதல்ல ரெண்டடி நடந்தப்ப நான் ஷட்டர் டயல திருகிக்கிட்டு இருந்தேன், அத சொல்லி சொல்லி இன்னும் மானத்த வாங்கறாங்க. இப்ப அப்பர்ச்சர் பிரையாரிட்டி (துவாரத்த நான் வெப்பேன், ஷட்டர கேமரா பாத்துக்கும்), ஆட்டோ ஐஎஸ்ஓ, கொறஞ்ச ஷட்டர் வேகம் 1/250, ஆடாம உக்காந்திருக்கறவங்கன்னா மட்டும் 1/125க்கு எறக்கிக்கறேன். கேமராவுக்கு நல்லா தெரிஞ்சத கேமரா பாத்துக்கட்டும். கூட்டத்துல நடக்கறப்ப மட்டும் எஃப் 11ல 3 மீட்டர்ல ஃபோகஸ பூட்டிடுவேன், 2 மீட்டர்ல இருந்து 6 மீட்டர் வரைக்கும் தெளிவா வந்துடும், ஃபோகஸ் தேடற நேரம் மிச்சம்.

கிட் லென்ஸ் போன மாசம் பீரோவுல இருந்து வெளிய வந்துடுச்சு. 18 வேணும்னா மொதல்லயே 18ன்னு திருகிட்டு தான் கண்ணுகிட்ட கொண்டுபோறேன், கண்ணுல வெச்சப்பறம் திருகறது இல்ல. பழைய பூனை 43ல 2 வெச்சுக்கிட்டு மிச்சத்த தூக்கிட்டேன், அந்த ரெண்டும் கூட சுமார் தான். பூனை இன்னும் அதே மதில் மேல தான் வருது. போன வாரம் எதிர்ப்பக்கம் போய் சூரியன் அதுக்குப் பின்னாடி வர்ற மாதிரி நின்னு 6 எடுத்தேன், மீசை மட்டும் மின்னுச்சு. ஒண்ணுல ஃபோகஸ் மதில்ல விழுந்திருக்கும்னு ஒரு சந்தேகம் இருக்கு. கார்டு பைல தான் இருக்கு, ஞாயித்துக்கெழம தான் தொறக்கணும்.