ஏறக்குறைய ஒரே விலைக்கு வாங்கியவை: இன்ஸ்டாகிராமும் டம்ப்ளரும்

2012 ஏப்ரலில் இன்ஸ்டாகிராமை 100 கோடி டாலருக்குப் பேசி முடித்தது ஃபேஸ்புக். அடுத்த ஆண்டு மே மாதம் யாஹூ 110 கோடி டாலர் கொடுத்து டம்ப்ளர் என்ற வலைப்பதிவுத் தளத்தை வாங்கியது. இன்ஸ்டாகிராமில் அப்போது வேலை பார்த்தவர்கள் 13 பேர். வருமானம் ஒரு காசு கிடையாது. டம்ப்ளருக்காவது கொஞ்சம் விளம்பரப் பணம் வந்துகொண்டிருந்தது.

விளம்பரம் போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. இவை இரண்டும் எங்கே பிரிந்தன என்பது எனக்கு ஒரே திரையில் தெரிகிறது. ஆட்ஸ் மேனேஜர் என்ற ஃபேஸ்புக்கின் விளம்பரக் கருவியில் ஃபேஸ்புக்குக்கென்று விளம்பரம் தயார் செய்வேன். எங்கெங்கே காட்டலாம் என்று கேட்கும் இடத்தில் இன்ஸ்டாகிராமும் சேர்ந்தே நிற்கும். ஊர், வயது, விருப்பம் எல்லாம் ஏற்கெனவே கொடுத்ததுதான், பணம் போகிற கார்டும் அதே கார்டு. 2015-ல் இந்த வழியை எல்லா விளம்பரதாரர்களுக்கும் திறந்துவிட்டார்கள். ஃபேஸ்புக்கில் பழகிய சின்னக் கடைக்காரர், புதிதாக எதையும் கற்றுக்கொள்ளாமலே இன்ஸ்டாகிராமுக்கும் வாடிக்கையாளர் ஆகிவிட்டார்.

யாஹூவிடம் அந்த அளவுக்கு ஓர் ஏற்பாடு இருக்கவில்லை. டம்ப்ளரில் எழுதுபவர்கள் புனைபெயரில் இருப்பவர்கள். யார், எந்த வயது என்பதே தெரியாது. போதாக்குறைக்கு அப்போது ஆபாசப் பதிவுகளும் ஏராளம். அதன் பக்கத்தில் தன் சோப்பையோ காரையோ வைக்க எந்த கம்பெனி துணியும்? தளத்தைக் கெடுத்துவிட மாட்டோம் என்று வாக்குக் கொடுத்துத்தான் வாங்கினார் யாஹூவின் தலைவர் மரிஸா மேயர். பிறகு அவரே 2015-க்கு 10 கோடி டாலர் வருமானம் என்று இலக்கு வைத்தார். 2016-ல் யாஹூ டம்ப்ளரின் மதிப்பில் முதலில் 23 கோடி, பிறகு 48.2 கோடி டாலர் போய்விட்டது என்று கணக்கில் எழுதிக் கழித்தது.

கூட்டினால் 71.2 கோடி. பேசிய 100 கோடியில் பெரும்பகுதி பணமாக அல்ல, ஃபேஸ்புக் பங்குகளாக; அந்தப் பங்கு விலை சரிந்ததால் ஃபேஸ்புக் இன்ஸ்டாகிராமுக்குக் கடைசியில் கொடுத்ததே சுமார் 71.5 கோடிதான்!

 

டம்ப்ளரை மோசமான தளம் என்று நான் சொல்லவே மாட்டேன். வரைபவர்களுக்கும் எழுதுபவர்களுக்கும் அப்படி ஓர் இடம் அமைவது அபூர்வம். யாஹூவோடு சேர்ந்து அது அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான வெரைசன் கைக்குப் போனது. 2018 டிசம்பரில் ஆபாசத்தைத் தடை செய்தபோது, தானியங்கி வடிகட்டியில் சாதாரண ஓவியங்களும் சிக்கின. பலர் வெளியேறினார்கள். 2019-ல் வேர்ட்பிரஸ்.காம் தளத்தை நடத்தும் ஆட்டோமேட்டிக் நிறுவனம் அதை வாங்கியது, 30 லட்சம் டாலருக்கும் குறைவாக என்றன செய்திகள்.