20 டன் கைப்பம்பு பிரஸ்: ஸ்டிக்கரை விடுங்கள், பின்னைப் பாருங்கள்

சுத்தியலும் பைப் துண்டும் வைத்து பேரிங் ஏற்றிக்கொண்டிருக்கும் ரீவைண்டிங் கடைக்கும் பம்ப் சர்வீஸ் பட்டறைக்கும் 20 டன் எச்-ஃபிரேம் கைப்பம்பு பிரஸ் (கையால் பம்ப் அடித்து, ஆயில் அழுத்தத்தால் பொருளைத் தள்ளும் இயந்திரம்) வாங்கத் தகுந்த சாமான்தான். கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கத்துப் பட்டறைகளில் ஆர்டர் கொடுத்துச் செய்து வாங்கும் வகையை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். எல்லாவற்றிலும் '20 டன்' என்று பெரிதாக ஒட்டியிருக்கும். அந்த 20 டன்னை சிலிண்டர் தந்துவிடும், அதில் பெரும்பாலும் பிரச்சினை வராது. அதை ஃபிரேம் தாங்குமா என்பதில்தான் ஒரு பிரஸ்ஸுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம்.

முதலில் சிலிண்டர் கணக்கு. போர், அதாவது சிலிண்டரின் உள் விட்டம், 60 மி.மீ., பம்ப் பிஸ்டன் 12 மி.மீ. விட்டம் ஐந்து மடங்கு என்றால் பரப்பு 25 மடங்கு. 1795-ல் ஜோசப் பிராமா காப்புரிமை வாங்கிய பிரஸ்ஸும் இதே பாஸ்கல் விதியில்தான் ஓடியது. ராமில் (சிலிண்டரிலிருந்து இறங்கி அழுத்தும் தண்டு) 20 டன் வர பம்ப் பிஸ்டனில் 800 கிலோ வேண்டும். 600 மி.மீ. கைப்பிடி, அச்சிலிருந்து பிஸ்டனுக்கு 30 மி.மீ. என்றால் அது இன்னொரு 20 மடங்கு. ஆக, கைப்பிடி நுனியில் 40 கிலோ அழுத்தினால் போதும். அப்போது சிலிண்டருக்குள் ஆயிலின் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 707 கிலோ. இதற்கு விலையை தூரத்தில் கொடுக்கிறோம்: பிஸ்டன் 25 மி.மீ. இறங்கினால் ராம் 1 மி.மீ.தான் நகரும். 150 மி.மீ. ஸ்ட்ரோக் முழுக்க இறக்க 150 தடவை அடிக்க வேண்டும். அதனால் 30 மி.மீ. பிஸ்டன் ஒன்றும் சேர்த்து, கைப்பிடி செருக இரண்டு துளை உள்ள இரட்டைப் பம்பையே கேளுங்கள். பெரிய பிஸ்டனில் ஒரு அடிக்கு 6 மி.மீ. இறங்கும், வேலைப் பொருளைத் தொட்டதும் சின்னதுக்கு மாறலாம். ஒற்றைப் பம்ப் மலிவு, ஆனால் ஒரு நாளைக்கு நாலு மோட்டார் பிரிக்கிற கடையில் கை கழன்றுவிடும்.

பாட்டில் ஜாக்கியை நட்டநடுவே வைத்து ஸ்பிரிங் மாட்டிய பிரஸ்ஸும் கிடைக்கிறது. அதில் ஜாக்கி நேராக நின்று மேல் பீமை முட்டுகிறது. அடியில் இருக்கும் தட்டு ஜாக்கியோடு சேர்ந்து கீழே இறங்குகிறது. சாதாரண ஜாக்கியைத் தலைகீழாக மாட்டினால் பம்புக்கு ஆயில் இழுக்காது என்பதால்தான் இந்த ஏற்பாடு. எப்போதாவது புஷ் கழற்றுபவருக்கு இது போதும். அழுத்தம் காட்டும் கேஜ் இல்லை, தட்டு ஆடும், கைப்பிடியும் கூடவே இறங்கும். தினசரி வேலைக்கு வாங்காதீர்கள்.

இப்போது ஃபிரேம். கடையில் நிற்கும்போதே டேப்பும் வெர்னியரும் எடுங்கள். வேலைப் பொருளை வைக்கும் மேடையான பெட்டைத் தாங்கும் பின் இரண்டு; ஒவ்வொன்றுக்கும் 10 டன் பாரம், ஒவ்வொரு பின்னும் இரண்டு இடத்தில் வெட்டுவிசை வாங்குகிறது. 25 மி.மீ. பின் என்றால் சதுர மி.மீ.க்கு சுமார் 100 நியூட்டன் வரும், நிம்மதி. அதுவே 20 மி.மீ. மைல்டு ஸ்டீல் ராடு என்றால் 156 வரும். அந்த இரும்பு வெட்டில் இளகத் தொடங்குவது 145 பக்கம். பின் உடனே உடையாது. மெல்ல வளைந்து துளையில் சிக்கிக்கொள்ளும், பிறகு அதைக் கழற்ற சுத்தியல்தான் எடுக்க வேண்டும். இஎன்8-ல் (மைல்டு ஸ்டீலைவிட வலுவான எஃகு) 25 மி.மீ. பின் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்.

பெட்டின் சேனலும் (சி வடிவ இரும்பு) அப்படியே. இரண்டு தூணுக்கும் இடையே 600 மி.மீ. இருந்து நடுவில் 20 டன் விழுந்தால், 150 மி.மீ. சேனல் ஜோடியில் வளைவு அழுத்தம் சதுர மி.மீ.க்கு 140 நியூட்டன் அளவில் நிற்கும். 125 மி.மீ. சேனல் போட்டிருந்தால் 220-ஐத் தாண்டும். இரும்பின் வரம்பே 250. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பெயின்ட், ஒரே உயரம். எடை குறைத்து விலை குறைப்பது இந்த இடத்தில்தான்.

ராமை முழுக்க இறக்கி, பெட்டின் மேல் மூலைமட்டம் வைத்து இரண்டு திசையிலும் பாருங்கள். 150 மி.மீ. நீளத்தில் அரை மில்லிக்குள் சாய்வு இருந்தால் பரவாயில்லை. அதற்கு மேல் என்றால் மேல் பீம் வெல்டிங்கில் இழுத்திருக்கிறது. சாய்ந்த ராம் சாஃப்டைக் கோணலாகத் தள்ளும், பக்க விசை குரோம் பூச்சைக் கீறும், கீறல் சீலைத் தின்னும்.

கேஜ் விஷயத்தில் பெரும்பாலான பிரஸ்கள் ஏமாற்றுகின்றன, தெரிந்தோ தெரியாமலோ. கேஜுக்குத் தெரிந்தது ஆயில் அழுத்தம் மட்டும். டன் என்று அச்சடித்த டயல் ஒரு குறிப்பிட்ட போருக்குத்தான் பொருந்தும். 75 மி.மீ. சிலிண்டருக்கான டயலை 60-ல் மாட்டினால் டன் கணக்கே பொய். 60 மி.மீ. போரில் சதுர செ.மீ.க்கு 35 கிலோ காட்டினால் ஒரு டன், 354 காட்டினால் பத்து டன். இதை வைத்துச் சரிபார்க்கலாம்.

இந்தச் சாமானின் பெரிய குறையும் இங்கேதான். மோனோபிளாக் பம்பில் (மோட்டாரும் பம்பும் ஒரே சாஃப்டில் உள்ளது) வரும் 6204, 6205 போன்ற சின்ன பேரிங்குகள் ஒழுங்கான ஃபிட்டில் ஒரு டன்னுக்குள் ஏறிவிடும். 1000 வரை உள்ள கேஜில் ஒரு டன்னுக்கு முள் 35-க்குத்தான் எழும், அதாவது அசைந்ததா இல்லையா என்றே தெரியாது. கைக்கும் தெரியாது: சின்ன பிஸ்டனில் ஒரு டன் என்பது கைப்பிடியில் வெறும் 2 கிலோ. பேரிங் சாஃப்டின் படியான ஷோல்டரில் போய் உட்கார்ந்துவிட்டது என்று கை சொல்வதற்குள் இன்னும் மூன்று நாலு டன் ஏறியிருக்கும். சின்ன பேரிங்குக்கு எப்போதும் பெரிய பிஸ்டன் துளையிலேயே கைப்பிடியைப் போடுங்கள். அதில் ஒரு டன் 12 கிலோ கனமாகத் தெரியும், உட்கார்ந்ததும் கை நிற்கும். 250 வரை உள்ள இன்னொரு கேஜை நிறுத்து வால்வோடு சேர்த்து மாட்டினால் இன்னும் நல்லது, ஆனால் 250-ஐத் தாண்டுமுன் வால்வை மூட மறந்தால் அந்த கேஜ் போச்சு. ரயில் சக்கரத்தை அச்சில் ஏற்றும் பெரிய பிரஸ்களில் ஏறும் நெடுக அழுத்தம் வரைபடமாகப் பதிவாகிறது; கோடு சரியில்லை என்றால் அந்த ஜோடியை ஏற்பதில்லை. கைப்பிரஸ்ஸில் அந்த வரைபடத்தின் வேலையைக் கைதான் பார்க்க வேண்டும்.

ஏற்றும்போது விதி ஒன்றுதான், ஆனாலும் தினமும் மீறப்படுகிறது. சாஃப்டில் ஏற்றினால் உள் ரேஸில் (பேரிங்கின் உள் வளையம்) தள்ளு, ஹவுசிங்கில் ஏற்றினால் வெளி ரேஸில் தள்ளு. மாற்றித் தள்ளினால் விசை குண்டுகள் வழியாகப் போய் ரேஸில் பள்ளம் விழும். மோட்டார் அன்றைக்கு ஓடும், பத்து நாளில் கூவும். 6205-க்கு உள் துளை 25, வெளி விட்டம் 52, 26 மி.மீ. துளையுள்ள மெல்லிய பைப் துண்டை லேத்தில் முகம் சமமாகத் திருப்பி வைத்துக்கொண்டால் உள் ரேஸில் மட்டும் உட்காரும். பேரிங்கைச் சூடாக்கி ஏற்றுவதானால் 110 டிகிரிக்கு மேல் போக வேண்டாம்.

பிரஸ்ஸோடு தரும் வார்ப்பிரும்பு வி-பிளாக்குகளை ஓரமாக வையுங்கள். ஓரத்தில் பாரம் விழுந்தால் சொல்லாமல் வெடிக்கும். 40 மி.மீ. கன மைல்டு ஸ்டீலில் ஜோடி அறுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பேரிங்கின் ரேஸும் கடினமாக்கிய எஃகுதான், அதுவும் சிதறும். முன்னால் 3 மி.மீ. தகட்டில் ஒரு மறைப்பு, கண்ணுக்குக் கண்ணாடி, இரண்டும் வேண்டும். பெட்டை ஏற்றி இறக்க வின்ச் இருந்தால், அழுத்துமுன் இரண்டு பின்னும் முழுக்க நுழைந்து, கம்பிக்கயிறு தொய்ந்திருக்க வேண்டும். விறைப்பாக விட்டால் பாரம் கயிற்றில் போகும், கயிறு அறும்.

அழுத்தம் நிற்கவில்லை என்றால் உடனே சீலைக் குறை சொல்லாதீர்கள். 10 டன்னில் நிறுத்தி கைப்பிடியை விட்டுப் பாருங்கள். கைப்பிடி தானாக மேலே எழுந்தால் டெலிவரி செக் வால்வின் (ஆயிலை ஒரு திசையில் மட்டும் விடுவது) குண்டு சரியாக உட்காரவில்லை. அடியில் தூசியோ வெல்டிங் பொறியோ இருக்கும். கைப்பிடி அசையாமல் முள் மட்டும் இறங்கி, வெளியிலும் ஆயில் கசியவில்லை என்றால் ரிலீஸ் வால்வு முனையைப் பாருங்கள். ராம் ஓரமாக ஆயில் வடிந்தால்தான் சீல். அடிக்க அடிக்க அழுத்தமே ஏறவில்லை என்றால் பம்புக்கு ஆயில் இழுக்கும் வழியில் உள்ள சக்ஷன் குண்டு. ராம் விட்டு விட்டு இறங்கினால் உள்ளே காற்று. ரிலீஸ் வால்வைத் திறந்து வைத்து பத்துப் பதினைந்து தடவை அடித்தால் வெளியேறும். கசிவு எங்கே என்று விரலால் தடவ வேண்டாம். 700 கிலோ அழுத்தத்தில் ஊசித்துளையிலிருந்து பீய்ச்சும் ஆயில் தோலுக்குள் போய்விடும், உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது. அட்டைத் துண்டு பிடித்துப் பாருங்கள்.

ஆயில் 46 கிரேடு ஹைட்ராலிக் ஆயில் போதும். பிரேக் ஆயில் ஊற்றினால் நைட்ரைல் சீல் ஊதிக் கெடும். ராம் முழுக்க மேலே இருக்கும்போதுதான் அளவு பார்த்து ஊற்ற வேண்டும். இறக்கி வைத்து நிரப்பினால், ராம் திரும்பும்போது 400 மில்லிக்கு மேல் ஆயில் டேங்குக்கு வந்து வழியும்.

லாரி கிங் பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சுப் பின்), பெரிய டிராக்டர் ஆக்சில் வேலை அதிகம் வரும் பட்டறைக்கு இது பத்தாது; துருப்பிடித்த கிங் பின் 20 டன்னுக்கும் அசையாமல் நிற்பதுண்டு. அவர்கள் 50 டன்னுக்குப் போகலாம். பாக்குமட்டைத் தட்டு, ஃபிளை ஆஷ் செங்கல், பஞ்சு பேல் போன்ற உற்பத்தி வேலைக்குக் கைப்பம்பையே நினைக்க வேண்டாம். அங்கே மோட்டார் பம்ப், இரு பக்கமும் ஆயில் போகும் சிலிண்டர், டைரக்ஷன் வால்வு எல்லாம் கொண்ட பவர்பேக் தேவை.

ஆர்டர் கொடுக்கும்போது சிலிண்டர் போர், ராடு விட்டம், சீலின் மூன்று அளவுகள் (உள் விட்டம், வெளி விட்டம், உயரம்) ஆகியவற்றை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கூடவே ஒரு செட் சீலும். இரண்டு வருஷம் கழித்து சீல் கிழியும்போது செய்தவரிடமே அளவு இருக்காது.