போர் தண்ணீர் வீட்டுக்கு ஃப்ரண்ட் லோடா, செமியா?

தர்மபுரி பக்கம் ஒகேனக்கல் குடிநீரைத் துணிக்கு விட யாருக்கும் மனசு வராது, துவைக்க எப்போதும் போர் தண்ணீர்தான், அதனால் வாஷிங் மெஷினின் விலையைப் பார்க்கும் முன் அந்தத் தண்ணீரைப் பாருங்கள். காய்ந்த பக்கெட் ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறதா? அதே உப்பு, முன்பக்கம் கதவுள்ள ஃப்ரண்ட் லோடின் உள்ளே ஹீட்டர் மேலும் படியும், சுடுதண்ணீரில் துவைக்கத் துவைக்கக் கெட்டியாகி கடைசியில் ஹீட்டரே போய்விடும், படிந்த உப்பைக் கரைக்கும் டீஸ்கேலிங் பவுடர் போட்டு அவ்வப்போது காலியாக ஓட்டியே ஆக வேண்டும். மற்றபடி துவைப்பில் ஃப்ரண்ட் லோடை அடிக்க முடியாது. குறைந்த தண்ணீரில் காலர் அழுக்குகூடப் போகும், துணியும் அவ்வளவாக நையாது.

செமி ஆட்டோமேட்டிக்கில் ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும், ஈரத்துணியைத் தூக்கி ஸ்பின்னரில் போட வேண்டும், இடுப்பு வலிக்காரர்களுக்குப் பெரிய தொல்லை. ஆனால் கோடையில் போர் வற்றி டேங்கர் தண்ணீர் வாங்கும் வீட்டில் இதுதான் கை கொடுக்கும். குழாயில் பிரஷர் இல்லையா, குடத்தில் ஊற்றிக்கொள்ளலாம். வெள்ளைத்துணி துவைத்த சோப்புத் தண்ணீரிலேயே அடுத்து கலர் துணி, கடைசியாகக் கால்மிதித் துணி என்று போட்டு எடுக்கலாம். விலையும் பெரும்பாலும் பாதிதான்.

டேங்க் உயரத்தில் இருந்து, தண்ணீரும் தட்டுப்பாடில்லாமல் வந்தால் ஃப்ரண்ட் லோடு வாங்குங்கள். இல்லையென்றால் யோசிக்காமல் செமிதான்.