லேசரா, நுண்ணலை ஏற்பியா: டோகமாக் பிளாஸ்மாவின் சூட்டை எதைக் கொண்டு அளப்பது?

அணுக்கரு இணைவுக்காக, பிளாஸ்மா எனும் மின்னூட்டத் துகள் வாயுவைக் காந்தப்புலத்தால் வளையமாகப் பிடித்துவைக்கும் கருவி டோகமாக். அதன் நடுவில் எலக்ட்ரான்கள் கோடிக்கணக்கான டிகிரியில் ஓடுகின்றன. அந்தச் சூட்டைத் தொடாமல் அளக்கப் பெரிதும் கைகொடுப்பவை இரண்டு: தாம்சன் சிதறல், எலக்ட்ரான் சைக்ளோட்ரான் உமிழ்வு (சுருக்கமாக இ.சி.இ.).

தாம்சன் முறையில் லேசர் துடிப்பு ஒன்று பிளாஸ்மாவுக்குள் பாய்கிறது. எலக்ட்ரான்கள் எவ்வளவு வேகமாக ஓடுகின்றனவோ, அவ்வளவுக்குச் சிதறிய ஒளியின் நிறமாலை அகலும். இந்த முறைக்குப் பெயர் வாங்கித் தந்தது 1969. மாஸ்கோவின் டி-3 டோகமாக் குறித்த சோவியத் அறிக்கைகளை மேற்குலகம் நம்பாத நேரம் அது. பிரிட்டனின் கல்ஹாம் ஆய்வுக்கூடக் குழு தன் லேசர் சாதனத்துடன் அங்கேயே போய் அளந்தது. ஒரு கோடி டிகிரி அளவுக்குச் சூடு இருந்தது உறுதியானது. டோகமாக் அலை உலகெங்கும் பரவியது அதற்குப் பிறகுதான்.

இ.சி.இ.க்கு லேசரே வேண்டாம், கேட்டுக்கொண்டிருந்தால் போதும். காந்தப்புலத்தில் சுழலும் எலக்ட்ரான்கள் தாமாகவே நுண்ணலை உமிழ்கின்றன. ஒரு டெஸ்லாவுக்குச் சுழல் அதிர்வெண் 28 கிகாஹெர்ட்ஸ். புலம் வெளிப்பக்கம் போகப்போகக் குறைவதால், அதிர்வெண்ணே இடத்தைக் காட்டிக்கொடுக்கும். பிளாஸ்மா தன் உமிழ்வைத் தானே முழுதாக விழுங்கும் அளவுக்கு அடர்த்தியாக இருந்தால், அது கரும்பொருள்போல (எல்லாக் கதிர்வீச்சையும் உட்கொண்டு, தன் வெப்பநிலைக்கேற்ப மட்டும் உமிழும் பொருள்போல) நடந்துகொள்ளும், உமிழ்வின் வலிமையே வெப்பநிலையைச் சொல்லிவிடும்.

அலைகளால் சூடேற்றும்போது என் ஓட்டு இ.சி.இ.க்கு. தாம்சன் லேசர்கள் பொதுவாக விநாடிக்குச் சில பத்து முறைதான் துடிக்கும். இடையில் நடப்பது தெரியாது. இ.சி.இ.யோ மைக்ரோவிநாடிக் கணக்கில் தொடர்ந்து பார்க்கிறது. பிளாஸ்மாவைச் சூடேற்ற நுண்ணலை பாய்ச்சும் கைரோட்ரானின் திறனை ஏற்றி இறக்கி, எந்தச் சானலில் (அதாவது எந்த அதிர்வெண்ணில்) வெப்பநிலை முதலில், பலமாக ஆடுகிறது என்று பார்த்தால், ஆற்றல் விழுந்த இடம் சிக்கிவிடும்.

ஆனால் கைரோட்ரான் மெகாவாட் கணக்கில் கத்தும்போது, மைக்ரோவாட் அளவு முணுமுணுப்பைக் கேட்க வேண்டியிருக்கிறது. கைரோட்ரானின் அந்த ஒரு அதிர்வெண்ணை மட்டும் வெட்டியெடுக்கும் வடிகட்டி இல்லாவிட்டால் ஏற்பி பிழைக்காது. பிளாஸ்மா அடர்த்தி ஒரு வரம்பைத் தாண்டினால் உமிழ்வு வெளியே வராது. எலக்ட்ரான்களை வேகமாக உந்தும் கீழ்க்கலப்பு அலைகள் (lower hybrid) எனும் ரேடியோ அலைகளைப் பாய்ச்சும்போது நிலைமை இன்னும் மோசம்: கொஞ்சமே உள்ள அதிவேக எலக்ட்ரான்கள் உரக்க உமிழ்கின்றன, சார்பியல் விளைவால் அவற்றின் அதிர்வெண்ணும் கீழிறங்கி, வேறோர் இடத்திலிருந்து வந்ததுபோல ஏய்க்கும். அங்கே தாம்சனைத்தான் நம்புவேன்.

அளவுதிருத்தத்திலும் தாம்சனுக்கே சாதகம். வெப்பநிலைக்கு அதற்கு நிறமாலையின் வடிவம் போதும், இ.சி.இ.க்கு ஒளிர்வின் முழு மதிப்பே வேண்டும். பல இடங்களில் இ.சி.இ.யைத் தாம்சனோடு ஒப்பிட்டே திருத்திக்கொள்கிறார்கள். அப்புறம் இரண்டும் ஒத்துப்போவதைச் சாட்சியாகக் காட்டுவது கொஞ்சம் வேடிக்கைதான்!

தனித்தனியே திருத்தியும் முரண் வந்ததுண்டு. அமெரிக்காவின் டி.எஃப்.டி.ஆர். (TFTR) டோகமாக்கில், மிகச் சூடான பிளாஸ்மாக்களில் இ.சி.இ. தாம்சனைவிடக் கூடுதலாகக் காட்டியது. ஐரோப்பாவின் ஜெட் (JET) டோகமாக்கிலும் இத்தகைய முரண் தென்பட்டது. கருவிக் கோளாறு என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. எலக்ட்ரான்களின் வேகப் பரவல், வெப்பச் சமநிலையில் இருக்க வேண்டிய மேக்ஸ்வெல் வடிவிலிருந்து விலகியிருந்தால், இரண்டும் வெவ்வேறு எலக்ட்ரான்களைப் பார்த்து, வெவ்வேறு எண்களைச் சொல்லக்கூடும்.