பெருநகரத்தார், சிறுநகரத்தார்: எந்த முத்திரை மோசம்?

பெருநகரத்துக்காரர் என்றாலே கெட்டிக்காரர், ஆனால் ஈரமில்லாதவர். சிறுநகரத்துக்காரர் என்றால் தங்கமானவர், ஆனால் விவரம் போதாது. வெளியார் ஒட்டும் இந்த இரண்டு முத்திரைகளில் எது மோசம்? என்னைக் கேட்டால் இரண்டாவதுதான்.

முதலாவதற்கு ஒரு காரணமாவது உண்டு. உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1970-இல் விளக்கினார்: கூட்டமும் இரைச்சலும் அளவுமீறும்போது, நகரவாசி ஒவ்வொருவருக்கும் ஒதுக்கும் நேரத்தைக் குறைத்துக்கொள்கிறார். வழி கேட்டால் நடந்துகொண்டே கையைக் காட்டிவிட்டுப் போவது அதனால்தான், குணக்கேடு இல்லை.

இரண்டாவது முத்திரை பாராட்டுபோல வருவதால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. பேச்சில் வட்டார வாடை தெரிந்ததுமே நேர்முகத் தேர்வில் கேள்விகள் எளிதாகிவிடும். "பாவம், நல்ல பையன்" என்று சொல்லியே பொறுப்பான வேலையை அடுத்தவரிடம் கொடுத்துவிடுவார்கள். 'கறாரானவர்' என்று பெயரெடுத்த பெருநகரத்துக்காரருக்கோ அது தயங்காமல் போய்ச் சேரும்.