தோட்டத்துக் குழந்தைக்கு கிளினிக் டேசாவா, டவுன் கிளினிக்கா?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், நிபோங் திபால் பக்கம் செம்பனைத் தோட்டங்களுக்குள் இருக்கும் குடும்பங்களுக்குக் கைக்குழந்தை பிறந்ததுமே இந்தக் கேள்வி வந்துவிடும்.

தடுப்பூசிக்கு யோசிக்கவே வேண்டாம், அரசாங்கத்தின் கிராமச் சுகாதார நிலையமான கிளினிக் டேசாதான். 2, 3, 5, 18 மாதங்களில் ஆறு நோய்களுக்கான கூட்டு ஊசி, 9, 12 மாதங்களில் தட்டம்மை ஊசி, எல்லாமே குடிமக்களுக்கு இலவசம். டவுன் கிளினிக் தனியாருடையது, ஒவ்வொரு முறையும் காசு. ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது டேசாவில் தரும் ரெக்கார்டு புத்தகம். தாதி குழந்தையைத் தராசில் கிடத்தி, எடையைப் புள்ளியாக வைத்து, போன தடவைப் புள்ளியோடு கோடு இழுப்பார். கோடு ஏறாமல் படுத்துக்கொண்டால் பாலைப் பற்றி, சோற்றைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வி வரும். தவணையைத் தவறவிட்டால் வீடு தேடி வருவதும் உண்டு. எந்தத் தனியார் கிளினிக் அப்படி வரும்?

காய்ச்சல் என்றால் கதை வேறு. டேசாவில் தினமும் டாக்டர் இருக்கமாட்டார், சாயங்காலம் மூடிவிடுவார்கள். அப்போது டவுன் கிளினிக்தான், காசு போனாலும் சரி.

மூச்சு இரைத்தாலோ வலிப்பு வந்தாலோ இரண்டும் வேண்டாம். நேராக சுங்கை பாக்காப் மருத்துவமனைக்குப் போங்கள். வண்டி இல்லையென்றால் 999க்குப் போன் போட்டு ஆம்புலன்ஸ் கேளுங்கள்.